சுடாத கல்

வரிசை நகர மாட்டேன் என்கிறது, நகராமல் போனால்தான் என்ன, இப்படியே உச்சிக்காலம் ஆகி நடையைச் சாத்திவிட்டால் இன்னும் நல்லது என்று நினைத்தான் தெய்வேந்திரன். நினைத்த மறுநொடி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அம்மன் வாசலில் நின்றுகொண்டு நடை சாத்தட்டும் என்று நினைக்கிறவன் என்ன மனுஷன். தகரக் கொட்டகை நிழலில் கால் மாற்றிக் கால் நின்றான். முழங்கால் இரண்டும் பொழுது விடிந்ததிலிருந்து முனகிக்கொண்டிருந்தன, அந்த முனகலுக்கு அவன் பழகியிருந்தான், வீட்டில் ஓயாமல் ஓடும் மின்விசிறிச் சத்தம் மாதிரி. முன்னால் தள்ளுவண்டியில், அவன் ஓட்டும் பள்ளிக்கூட வேனிலிருந்து இறக்கிய மூன்று சிப்பம் மண்டை வெல்லம், சாக்கு மேல் சாக்காகக் கிடந்தது. தையல் விட்ட இடத்தில் ஈ மொய்த்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது, இந்த நேரத்திலும் ஊறுகிறதே என்று அவனுக்கே கேவலமாக இருந்தது. வண்டிக் கைப்பிடியைப் பிடித்திருந்தவன் மைத்துனன் முனீஸ். அவனுக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டு கட்டி, நெற்றி முழுக்கக் குங்குமத்தோடு பெண்டாட்டி மாரிச்செல்வி, இதழ் அசைய எதையோ வேண்டிக்கொண்டே நின்றாள். மகள் சுபஸ்ரீ ஒன்பதாவது முடித்து லீவில் இருக்கிறாள், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டி எட்டித் தராசைப் பார்த்தாள். எல்லோரும் தராசைத்தான் பார்த்தார்கள். அவன் மட்டும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் அது அங்கேதான் இருந்தது, வெயில் கொட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில், இரண்டு கல்தூணுக்கு நடுவே தேக்குக் கட்டையில், சங்கிலி சங்கிலியாக. ஒரு தட்டில் ஆள், ஒரு தட்டில் காணிக்கை. ஆள் தட்டு மேலே எழும்பியதும் பெண்கள் குலவை போடுவார்கள். சற்று முன்னே ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்து எதிரே வாழைப்பழம் வைத்தார்கள், இரண்டு சீப்பு வைப்பதற்குள் குழந்தை வீல் என்று மேலே போய்விட்டது, குலவை தகரத்தில் மோதித் திரும்பியது.  நமக்கு அந்தச் சத்தம் வராது. வராது என்று அவனுக்குத் தெரியும், இந்தக் கூட்டத்திலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறு என்று சொல்லியிருந்தான். எந்த வாயால் சொன்னோம் என்று யோசித்தான், சோறு தின்கிற இந்த வாயால்தான். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது மாரிச்செல்வி வராந்தாவில் நின்று முந்தானையை ஏந்தி நேர்ந்துகொண்டாளாம், எழுப்பி அனுப்பிடு தாயே, எடைக்கு எடை வெல்லம் தாரேன் என்று. அவன் எழுந்துவிட்டான். எழுந்தவனிடம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, எடை எவ்வளவு. அன்றைக்கு அவன் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான், வயிற்றுக்கு நேரே இருந்த பித்தான் துவாரத்துக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தது, திரும்பாமலே தொண்ணூறு இருக்கும் என்றான். அவள் நம்பவில்லையோ என்னவோ, ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டாள், வெல்லத்துக்குச் சொல்லும் முன் இன்னொரு தடவை கேட்டாள். ஒரு கிலோகூடக் குறையக் கூடாதுங்க, குறைஞ்சா நேந்ததுல சேராது, உங்க ஆயுசுல குறைஞ்ச மாதிரி என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான் என்றுகூட ஞாபகம், ஆனால் ஆயுசு என்ற சொல்லைக் கேட்டதும் நாக்கு உள்ளே போய்விட்டது. சிப்பத்துக்கு முப்பது, மூன்று சிப்பம், கணக்குச் சரி என்று அவள் சந்தோஷப்பட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் அச்சு வெல்லமும் எடுத்துக்கொண்டாள், இதோ மஞ்சப்பையில் வைத்திருக்கிறாள், அந்தப் பொட்டலம் தன்னைக் காப்பாற்றப் போவது போல. உண்மையான எடை அவனுக்கே தெரியாது, அதுதான் வேடிக்கை. தெரிந்துகொள்ள ஒரு தடவை முயன்றான். முனீஸின் பழைய இரும்புக் கடையில் தரையோடு பதித்த எடை மேடை உண்டு. முனீஸ் டீ வாங்கப் போன நேரம் பார்த்து ஏறினான். சிவப்பு எண்கள் சரசரவென்று ஓடின, எண்பது, தொண்ணூற்றுச் சொச்சம், பிறகு மூன்று இலக்கமாகி அப்போதும் நிற்காமல் ஓடின. நிற்பதற்குள் இறங்கிவிட்டான். சுடுகிறதைத் தொட்டவன் மாதிரி குதித்து இறங்கினான். எண்கள் பின்னோக்கி ஓடிப் பூச்சியத்தில் போய் நின்றன. அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது ஞாபகம் இருக்கிறது. கடையில் துருப்பிடித்த சைக்கிள் சட்டங்களும் உடைந்த மோட்டார்களும் கிடந்தன, எல்லாமே தங்கள் எடையைச் சொல்லிவிட்டு வந்து கிடந்தவை.

சின்ன வயசில் அவனை ஒல்லிக்குச்சி என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முகம் நிறைந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் நல்லாயிருக்கே, பெண்டாட்டி சமையல் ஒட்டுது என்றார்கள், அதில் ஒரு பெருமை இருந்தது. எந்த இடத்தில் அந்தப் பெருமை திரும்பி இதுவானது. யோசித்தால் ஒரு நாளைக் காட்ட முடியவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வேலை இல்லை. வேன் ஸ்டாண்டில் எல்லா டிரைவரும் கூடுவார்கள், வடை வரும், பத்துமணிக்கே புரோட்டா வரும், சால்னா மிச்சமிருக்கிறதே என்று இன்னொரு புரோட்டா வரும். வண்டியின் முன்பெட்டியில் காராச்சேவுப் பொட்டலம் எப்போதும் இருக்கும், வீட்டுக்குத் தெரியாது. பசிக்குத் தின்றது பாதிகூட இருக்காது. பயத்துக்குத் தின்றதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பயம் கூடியது, தீனியும் கூடியது. மறுபடி காட்டப் போனபோது பார்த்த பெண் டாக்டர் திட்டவே இல்லை, திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போயிருப்பான். மெதுவாக, வாத்தியாரம்மா கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார். அவன் அதுவரை எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்திருந்தான். சர்க்கரை ஒன்று, அது அப்பா கொடுத்தது. பிரஷர் ஒன்று, அது டிரைவர் வேலை கொடுத்தது. முழங்கால் வலி கிளட்சை மிதித்து மிதித்து வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது குறட்டை, அது ஆம்பிளைக்கு இருப்பதுதான். ஒரே வளவில் நாலு வீட்டுக்காரர்கள், ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று நினைத்திருந்தான். டாக்டர் அவன் வயிற்றைப் பேனாவால் லேசாகச் சுட்டி, எல்லாம் இங்கேருந்துதான் கஞ்சி குடிக்குதுங்க என்றார். வேற காரணமும் இருக்கலாம், ஆனா இதைக் குறைச்சா எல்லாமே கொஞ்சம் இறங்கி வரும், ஒரேயடியா வேண்டாம், இருக்கிறதுல பத்துல ஒரு பங்கு, முடியும். முடியும் என்று அவர் சொன்னது அவனுக்கு மிரட்டல் போலக் கேட்டது. நர்ஸ் எடை மிஷினைக் கையால் காட்டியபோது, நேத்துத்தான் வெளியில பாத்தேன் சிஸ்டர், தொண்ணூறு என்று சொல்லிவிட்டான், கூட்டம் அலைமோதியதால் அந்தப் பிள்ளையும் எழுதிக்கொண்டது. அப்படி அந்தத் தொண்ணூறு ஆஸ்பத்திரிக்கும் போனது.

அது போகட்டும், நூல் விஷயத்துக்கு என்ன சொல்வது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் போல இடறி நின்றது. டாக்டர் அவனைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்து, நரம்பு எப்படி இருக்குன்னு பாக்கணும், கண்ணை மூடிக்கோங்க, எங்க தொடுறேன்னு சொல்லுங்க என்றார். கையில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் நூல். அவன் கண்ணை மூடினான். காத்திருந்தான். விசிறி சுற்றியது, வெளியே ஒரு குழந்தை அழுதது, டாக்டரின் வளையல் ஒலித்தது. காலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தொடவில்லை போல என்று இமையைக் கொஞ்சம், மயிரிழை, தூக்கிப் பார்த்தான். நூல் பெருவிரலில் ஊன்றி வில்லாக வளைந்து நின்றது. பெருவிரல் என்றான், சட்டென்று. அடுத்தது சுண்டுவிரல், பார்த்தான், சுண்டுவிரல் என்றான். குதிகால் என்றான். பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதிய பழக்கம் நாற்பத்தெட்டு வயசில் வந்து கைகொடுக்கிறது. பரவாயில்லையே, உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு, சரி என்றார் டாக்டர், அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவனும் சந்தோஷப்பட்டான், படியிறங்கி வண்டியில் ஏறும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. ஏறி உட்கார்ந்து பிரேக்கில் காலை வைத்தபோது போய்விட்டது. வைத்தோமா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வயிறு மறைத்தது. ஸ்டீயரிங்குக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்தை ஒடித்துத்தான் சொந்தக் காலைப் பார்க்க முடிந்தது.

ஆல்பர்ட் அண்ணன் ஸ்டாண்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் ரூட் பஸ் ஓட்டியவர், அவருக்கும் சர்க்கரை. செருப்புக் கடித்த ஒரு புண், அவ்வளவுதான் ஆரம்பம். விரலோடு போச்சு என்றார்கள், பிறகு கணுக்காலோடு என்றார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே வேட்டி தட்டையாகத் தொங்கியது. அவரே சிரித்துக்கொண்டு சொல்வார், இன்ஸ்டால்மெண்ட்ல எடுத்துட்டாங்கப்பா என்று. எல்லோரும் சிரிப்பார்கள். தெய்வேந்திரனும் சிரிப்பான், சிரித்துக்கொண்டே சாக்ஸுக்குள் பெருவிரலை அசைத்துப் பார்ப்பான், அசைகிறது, அசைகிறது என்று கண்தான் சொல்லும். ஆரம்பத்தில் பஞ்சின் மேல் நடப்பது மாதிரி இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிறகு பஞ்சும் போய்விட்டது. கால் இருக்கிற இடத்தில் ஒரு கனம் இருந்தது, அவ்வளவுதான். சொன்னால் வண்டியை விடச் சொல்வார்கள். வண்டியை விட்டால் என்ன ஆள் அவன். பிள்ளைகள் அவன் ஏறியதும் வேன் ஒரு பக்கம் சாயும் என்று அந்தப் பக்கமாகச் சரிந்து சிரிக்கும், டிரைவர் அங்கிள் ஏறியாச்சு, எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க என்று ஒரு வாண்டு கத்தும், யூ.கே.ஜி. படிக்கிற ஒன்று அவன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வரும். அந்த ஒன்றை நினைத்ததும் ரயில்வே கேட் வந்துவிட்டது. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான், வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்தின வாரம். கேட் இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்பு விளக்கு, மணி. அவன் பிரேக்கை மிதித்தான். மிதித்தான் என்றே நினைத்தான், மனசு மிதித்துவிட்டது, வண்டி நிற்கவில்லை, முன்னால் போகிறது. ஏன் போகிறது என்று ஒரு கணம், அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம், அவன் வெறுமனே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தான், வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. பிறகு கை முந்திக்கொண்டது, ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கேட் கட்டைக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண் இருந்தது. பின்னால் ஒரே கூச்சல், ஜாலியான கூச்சல். அங்கிள் சும்மா பயங்காட்டினேன் என்றான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றன பிள்ளைகள். சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக, முடியவே முடியாதது மாதிரி, அவன் குனிந்து காலைத் தேடினான், அது ஆக்சிலேட்டரின் ஓரத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

வரிசை நகர்ந்தது. நகராதே என்றவுடன் நகர்கிறது. கொட்டகை முடிந்து முற்றம் ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் கருங்கல் தளம் கண்ணைக் கூச வைத்தது, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த நடைபாதையில் ஆட்கள் ஓடி ஓடி அழிந்து திட்டுத் திட்டாகத்தான் வெள்ளை மிச்சம். முன்னால் போன குடும்பம் அய்யோ அம்மா என்று குதியாய்க் குதித்துக்கொண்டு ஓடியது, கல்யாண வயசுப் பெண் ஒருத்தி அண்ணன் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள், கூட்டம் சிரித்தது. மாரிச்செல்வி சேலையைத் தூக்கிப் பிடித்து வெள்ளைத் திட்டுக்கு வெள்ளைத் திட்டுத் தாவினாள், சுபஸ்ரீ ஒரே ஓட்டம். முனீஸ் வண்டியைத் தள்ளினான், நடு முற்றத்தில் ஒரு கல் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டது. அத்தான் ஒரு கை குடுங்க என்று அவன் கத்த, தெய்வேந்திரன் போய்க் கைகொடுத்தான். முனீஸ் பாதத்தை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டே இழுக்கிறான், ஸ்ஸ் ஸ்ஸ் என்கிறான், பெருவிரலை மட்டும் ஊன்றுகிறான். தெய்வேந்திரன் நின்றான். சாயங்காலக் கடற்கரையில் நிற்பது போல நின்றான். நிற்கிறோம் என்று தெரிந்ததும்தான் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுடவில்லை. ஊருக்கெல்லாம் சுடுகிற கல் எனக்குச் சுடவில்லை. சாமி வந்தவர்களுக்குத்தான் இப்படி இருக்கும் என்பார்கள், இந்த முற்றத்தில் பூக்குழி இறங்கித் தீ மிதிக்கிறவர்களுக்கு. எனக்கு எந்தச் சாமியும் வரவில்லை, என்னை விட்டு ஒன்று போயிருக்கிறது. மண்டப நிழலில் போய் நின்ற மாரிச்செல்வி திரும்பி அவனைப் பார்த்தாள், அசையாமல் கல்லில் நின்றவனைப் பார்த்து அவள் கை தானாகக் குவிந்தது, கண் நிறைந்தது. புருஷனுக்கு இவ்வளவு பக்தியா என்று நினைத்திருப்பாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. உடனே குதித்தான். அய்யோ சுடுது, சுடுது என்று சொல்லிக்கொண்டு, தொந்தி குலுங்க, ஒரு கால் மாற்றி ஒரு கால் குதித்தான். சுபஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். முழங்கால் கண்ணில் நீர் வரவழைத்தது, வலி என்று இருந்தால் அது அங்கேயாவது இருக்கிறது என்ற நினைப்பில் இன்னும் இரண்டு குதி குதித்தான். சக்கரம் விடுபட்டது. அதற்குள் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை, சுடுகிறவனுக்குத்தானே நேரம் தெரியும்.

மண்டபத்தில் தராசுக்காரர் ஒரு வயசான ஆள், வாய் நிறைய வெற்றிலை. தெய்வேந்திரனை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார், வெல்லத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் புரிந்தது. சப்பணம் போட்டு உட்காரச் சொன்னார்கள், வயிறும் முழங்காலும் ஒத்துக்கொள்ளவில்லை, காலை முன்னால் நீட்டி உட்காரும்படி ஆனது. பலகையில் அவன் உட்கார்ந்ததும் சங்கிலிகள் ஒருமுறை முறுகி நேரானது முதுகில் தெரிந்தது. எதிர்த்தட்டு மேலே போய் ஆடியது. இப்போதே சொல்லிவிடலாம், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்தான். முனீஸும் இன்னொருவனும் முதல் சிப்பத்தைத் தூக்கி வைத்தார்கள். இரண்டாவதை வைத்தார்கள். வரிசையில் யாரோ, சுகர் இருக்கிறவர் போலயே, வெல்லத்துலயா எடைபோடுறாங்க, பாத்தாலே ஏறிரப் போகுது என்றார்கள், சிரிப்பு எழுந்தது, கெட்ட சிரிப்பு இல்லை, கோயில் வரிசையின் சிரிப்பு. மூன்றாவது சிப்பம் இறங்கியது. எதிர்த்தட்டு மேலேயே லேசாக ஆடி நின்றது. அவனுடைய தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. பெண்கள் வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனவர்கள் அப்படியே வைத்திருந்தார்கள். மாரிச்செல்வி மஞ்சப்பையிலிருந்து அச்சு வெல்லப் பொட்டலத்தை எடுத்து மேலே வைத்தாள், இரண்டு கையாலும், பூ வைக்கிற மாதிரி வைத்தாள். தட்டு அசையவில்லை.  தராசுக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, சட்டைப் பையில இருக்கிறது, இடுப்புல இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துருங்க தம்பி என்றார், உதவியாகத்தான் சொன்னார். செல்போனைக் கொடுத்தான். பர்ஸைக் கொடுத்தான். இடுப்பு மடிப்பில் வேன் சாவி இருந்தது, பெரிய வளையத்தில், பிள்ளைகள் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் யானையோடு. அதைத் தொட்டான். எடுக்கவில்லை. சாவி என்ன கனம் இருக்கும், அது ஒரு கனமா என்று முனகினான். மாரிச்செல்வி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொண்ணூறுன்னுதானே சொன்னீங்க என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் கண் தட்டிலிருந்து அவன் முகத்துக்கு வந்தது, முகத்திலிருந்து தட்டுக்குப் போனது, ஆயுசு குறைகிறதைக் கண்ணால் பார்க்கிறவள் மாதிரி. முனீஸ், வெளிய கடையில இன்னொரு சிப்பம் எடுத்துட்டு வந்துர்றேன்க்கா என்று அக்காளிடம் சொல்லிவிட்டு, அத்தான் அப்படியே இருக்கட்டும், எறங்கினா திரும்ப மொதல்லேருந்து வைக்கணும் என்று தராசுக்காரரிடமும் கேட்டுக்கொண்டு, அந்தச் சுடுகல்லில் மறுபடி குதித்துக்கொண்டு ஓடினான்.

அதனால் அவன் அப்படியே இருந்தான். மூன்று சிப்பத்துக்கு எதிரே, நீட்டிய காலோடு, எல்லோரும் பார்க்க. பயந்தது நடந்துவிட்டது, நடந்த பிறகு அது சின்னதாக இருந்தது. மூன்று சிப்பத்துக்கு மேல், அவ்வளவுதான், சந்தையில் ஒரு ஆள் சொல்லிவிட்டுப் போகிற விஷயம். ஆனால் பயம் போகவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இப்போது மறைக்க ஆளில்லாமல் நின்றது. நாளை மறுநாள் லீவிலேயே பள்ளிக்கூடம் திறக்கிறது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது, பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் ஸ்பெஷல் கிளாஸ், வேன் உண்டு. மத்தியான ரயில், அதே கேட். ஒரு சாண். அடுத்த தடவை கை முந்துமா. கையும் ஒருநாள் இப்படிப் போகுமா. யாரோ பக்கத்தில் குனிகிறது தெரிந்தது. சுபஸ்ரீ. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தராசையும் பார்க்கவில்லை. அவனுடைய உள்ளங்காலுக்கு நேரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கால்ல என்னதுப்பா?"

என்னம்மா என்றான். உள்ளங்காலை அவனால் பார்க்க முடியாது, வயிறு குனிய விடாது. அவள் முகத்தில்தான் பார்க்க முடிந்தது. அவள் சொன்னாள், தோலெல்லாம் வெளுத்து எழும்பி இருக்கு, ரெண்டு காலுலயும், இங்க பெருசா நீர் கோத்திருக்கு, ஓரத்துல கிழிஞ்சிருச்சு. சொல்லச் சொல்ல அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. மாரிச்செல்வி வந்து பார்த்தாள், பார்த்தவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். எப்பங்க சுட்டது என்றாள். இப்பத்தான் கல்லுல நின்னப்ப என்றான். அப்பவே சொல்லலையே, குதிச்சீங்களே, குதிச்சீங்கள்ல என்றாள். குதித்தான்தான். அவனிடம் பதில் தயாராக இருந்தது, எப்போதும் போல நாக்கு நுனியில் வந்து நின்றது, லேசாத்தான் எரியுது, மஞ்சள் தூள் போட்டா சரியாயிரும் என்று. ஆனால் சுபஸ்ரீ நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நிற்கும்போதெல்லாம் எழுந்து வந்து பார்க்கிற பிள்ளை அவள், மறுபடி மூச்சு வரும்வரை கட்டில் ஓரத்தில் நின்றுவிட்டுப் போவாள் என்று மாரிச்செல்வி ஒருநாள் சொன்னாள். அந்த நிற்கிற முகம்தான் இது.

"அப்பா, கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தாள், கதவு பாதி திறந்துதானே இருந்தது. பார்த்தாளா. அவன் இமை தூக்கியதையும் பார்த்தாளா. கேட்க முடியாது. கண்ணை மூடினான். முதலில் பழைய மாதிரியே மூடினான், மயிரிழை விட்டு. அந்த இடுக்கில் வெளிச்சமும், அவள் தலையின் கோடும், குனிகிற விரலும் மங்கலாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் திறந்தால் போதும், விரல் பேரைச் சொல்லிவிடலாம், இன்றைக்கும் எல்லோரும் மூச்சு விட்டுக்கொள்வார்கள், சாயங்காலம் ஊருக்கு வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு போகலாம். ரயில் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இன்னொரு தடவை அங்கிள், இன்னொரு தடவை. அவன் இமைகளை இறுக்கினான், நெற்றி சுருங்கும் அளவுக்கு, இருட்டுக்குள் சிவப்புப் பொரி பறக்கும் அளவுக்கு இறுக்கினான். காத்திருந்தான். எதிர்த்தட்டின் சங்கிலி காற்றில் மெல்ல உரசியது. ஈக்கள். தூரத்தில் முனீஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற சத்தம், யாரோ வழிவிடச் சொல்கிற சத்தம். காலின் பக்கமிருந்து ஒன்றுமே வரவில்லை. கால் என்று ஒன்று இருந்த திசையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான். பிள்ளை இன்னும் தயங்குகிறாள் போல, புண்ணைப் பார்த்துப் பயப்படுகிறாள் போல.

"தொடும்மா, பரவாயில்ல" என்றான்.

 பிறகு மாரிச்செல்வியின் மூச்சு உடைகிற சத்தம் கேட்டது, மிகப் பக்கத்தில். அவன் கண்ணைத் திறக்கவில்லை. மேலே சாக்கு இறங்குகிற சத்தம் எதிர்த்தட்டில் கேட்டது, அவன் உட்கார்ந்திருந்த பலகை கொஞ்சம் நடுங்கி மெல்லத் தரையை விட்டது. யாரும் குலவை போடவில்லை. இருட்டுக்குள் ஆடிக்கொண்டே அவன் இடுப்பு மடிப்பை விரலால் தேடினான், யானை தட்டுப்பட்டது, சாவியை எடுத்து முனீஸின் மூச்சு இரைக்கிற பக்கமாக நீட்டினான்.